ஃபைபர் நெட் விட்டு விட்டு கட் ஆகிறது: மடிப்பா, ஸ்ப்ளைஸா?

ஓஎன்டியில் (ஃபைபர் வந்து சேரும் வீட்டுப் பெட்டி) எல்ஓஎஸ் விளக்கு, அதாவது ஒளி சிக்னல் வரவில்லை என்று காட்டும் விளக்கு, சிவப்பாகி, சிறிது நேரத்தில் தானாகவே சரியாகிறது. வைஃபையைச் சந்தேகிக்க வேண்டாம். லேன் ஒயரில் பிங் ஓடவிட்டாலும் அதே நேரத்தில்தான் நிற்கிறது. ஆர்எக்ஸ் பவர் (பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு) காலையில் −24, உச்சி வெயிலில் −27 டிபிஎம். ஜிபான் பி பிளஸ் (ஃபைபர் நெட்டின் ஒரு தர வகை) கருவிக்கு −27 தான் குறைந்தபட்ச விளிம்பு, ஆகவே கட் ஆவதில் ஆச்சரியமில்லை. வெயிலில் ஏன் 3 டெசிபல் இறங்குகிறது என்பதுதான் கேள்வி.

பச்சை எஸ்சி ஏபிசி இணைப்பு முனையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தாயிற்று. பேட்ச் கார்டும் மாற்றியாயிற்று. அடாப்டர் வோல்டேஜ் சரி.

மிச்சமிருப்பவை இரண்டு: ஜன்னல் ஓரத்தில் 3 செ.மீ. ஆரத்துக்கும் குறுகலாகக் கேபிள் மடிந்திருக்கிறது. வெளியே வெயில் படும் ஸ்ப்ளைஸ் பெட்டி (இரண்டு ஃபைபர்களை ஒட்டி இணைத்த இடம்). மடிப்பென்றால் 1310-ஐ விட 1550 நானோமீட்டர் அலைநீள ஒளியில் இழப்பு கூடுதலாகத் தெரியும். ஓடிடிஆர் (ஃபைபரில் எங்கே இழப்பு என்று காட்டும் கருவி) வராமலேயே இரண்டையும் பிரித்தறிய வழியுண்டா? அளந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.