வெளிநாட்டுச் சூதாட்டத் தளத்தை அடைத்துவிட்டு, நம் பந்தயக் கடையை மட்டும் திறந்து வைக்கலாமா?

ஈசூன்வாசி
சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குக் கீழே 4டி எனும் நான்கிலக்க லாட்டரிச் சீட்டு எழுதும் கடையில் வரிசை கோப்பிக்கடை வரை நிற்கிறது. கையில் சின்னச் சீட்டு, காதில் பேனா, எல்லாரும் தெரிந்த முகங்கள். அதே நேரத்தில் கைப்பேசியில் ஒரு வெளிநாட்டுப் பந்தயத் தளத்தைத் திறந்தால் திறக்காது. 2014இல் இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் தொலைவழிச் சூதாட்டச் சட்டம் வந்தது. 2016இல் அரசு சார்ந்த லாட்டரி நிறுவனமான சிங்கப்பூர் பூல்சுக்கும் குதிரைப் பந்தயக் கழகத்துக்கும் மட்டும் இணையத்தில் பந்தயம் பிடிக்க விலக்கு கிடைத்தது. 2022 ஆகஸ்ட் முதல் புதிய சட்டமும் புதிய ஆணையமும் வந்துவிட்டன. உரிமமில்லாத தளத்தில் ஆடுகிறவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

சூது கெடுதல் என்றால் எல்லாருக்கும் கெடுதல்தானே? ஆண்டிகுவா என்ற சின்னத் தீவு நாடு இதே கேள்வியை வைத்து 2003இல் உலக வர்த்தக நிறுவனத்தில் அமெரிக்காமேல் வழக்குப் போட்டு ஜெயித்தது. வர்த்தகத்தை நம்பிப் பிழைக்கிற நாம் அந்தத் தீர்ப்பைக் கண்டுகொள்ள வேண்டாமா?

கடற்கரைச்சாலை
அண்ணே, அந்த வழக்கை நீங்கள் தலைகீழாகப் படிக்கிறீர்கள். சூதாட்டத்தைத் தடை செய்தது தப்பு என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. சேவை வர்த்தக ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் எந்தத் துறையைத் திறக்கிறேன் என்று ஒரு பட்டியலில் எழுதிக் கொடுக்கிறது. அமெரிக்கா “பிற பொழுதுபோக்குச் சேவைகள், விளையாட்டு தவிர” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டது. ‘விளையாட்டு’ என்ற சொல்லுக்குள் சூதாட்டமும் அடங்கும், அதைத்தான் விலக்கினோம் என்று பின்னால் வாதாடினார்கள். எடுபடவில்லை. வகைப்பாட்டு ஆவணங்களைப் பார்த்தால் சூதாட்டம் பொழுதுபோக்கின் கீழே இருக்கிறது.

அதாவது மாட்டிவிட்டது அவர்கள் எழுதிய ஒரு வரி. நாம் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை. சிங்கப்பூர் தன் வர்த்தக ஒப்பந்தங்களில் பந்தயம், சூதாட்டச் சேவைகளைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறது. கதவைத் திறப்பதாகச் சொல்லாதவரிடம் ஏன் திறக்கவில்லை என்று கேட்க முடியாது.

ஈசூன்வாசி
சட்டப்படி நம்மை யாரும் கேட்க முடியாது, சரி. நான் கேட்பது நியாயத்தை. 2005 ஏப்ரலில் உலக வர்த்தக நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பு என்ன சொன்னது? பொது ஒழுக்கத்தைக் காக்க இந்தத் தடை தேவைதான் என்று அமெரிக்காவின் வாதத்தை ஏற்றுக்கொண்டது. அந்த இடத்தில் அமெரிக்கா ஜெயித்துவிட்டது. அப்புறம் எங்கே தோற்றது? குதிரையில். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்நாட்டு நிறுவனங்கள் மாநிலம் விட்டு மாநிலம் தொலைவிலிருந்து குதிரைப் பந்தயம் பிடிக்கலாம் என்றிருந்தது. வெளியாளுக்குத் தடை, உள்ளாளுக்கு வழி என்றால் ஒழுக்கம் என்ற காரணம் நிற்காது என்பதுதான் எனக்குப் புரிந்த சாரம். நம் விலக்கும் அதே குதிரைதானே?

மாலதி அக்கா
தம்பி, நான் சட்டம் படித்தவள் இல்லை. என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தங்கை கணவர் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் காற்பந்துக்குப் பணம் கட்டினார். முதலில் பணம் கேட்கவே இல்லை. ஒரு ஏஜெண்டு குறுஞ்செய்தியில் வந்து, “அண்ணே, 2,000 வெள்ளி கணக்கில் போட்டுவிட்டேன், திங்கட்கிழமை தீர்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னான். பந்தயம் பிடிக்கிறவனும் அவனே, கடன் கொடுக்கிறவனும் அவனே. ராத்திரி மூன்று மணிக்குக் கழிப்பறையில் உட்கார்ந்து ஐரோப்பாவில் எங்கேயோ நடக்கிற ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கதவுக்கடியில் நீல வெளிச்சம் தெரியும், தங்கை வெளியே நின்றுகொண்டிருப்பாள். ஏழு மாதத்தில் அவளுடைய தாலிக்கொடி வரை போனது.

பூல்ஸ் இணையக் கணக்கில் 21 வயது ஆகியிருக்க வேண்டும், பணத்தை முன்கூட்டியே போட வேண்டும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்க வேண்டும், கடன் கிடையாது. இரண்டும் ஒன்று என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

கடற்கரைச்சாலை
மாலதி அக்கா சொன்னதைத்தான் நான் சொல்ல வந்தேன். கடன் கிடையாது, வரம்பு உண்டு, கேட்டால் பதில் சொல்ல இங்கே ஓர் அலுவலகம் உண்டு. எங்கேயோ ஒரு தீவில் பதிவான நிறுவனத்தை யார் போய்க் கேட்பது?

அண்ணே, அந்த வெற்றியால் ஆண்டிகுவாவுக்குக் கிடைத்ததையும் பாருங்கள். ஆண்டுக்கு 3.4 பில்லியன் டாலருக்கு மேல் நஷ்டம் என்று கேட்டார்கள். அமெரிக்கா 500,000 டாலர்தான் என்றது. 2007 டிசம்பரில் நடுவர்கள் 21 மில்லியன் என்று முடித்தார்கள். ஏன் அவ்வளவு குறைந்தது? அமெரிக்கா தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டுமென்றால் குதிரைப் பந்தயத்தை மட்டும் வெளியாருக்கும் திறந்துவிட்டால் போதும் என்று பெரும்பான்மை நடுவர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தப் பணமும் ரொக்கமாக இல்லை, அந்த அளவுக்கு அமெரிக்க அறிவுசார் சொத்துரிமைகளை மதிக்காமல் இருக்கலாம் என்ற அனுமதிதான். அமெரிக்காவோ அதே 2007இல், பட்டியலில் எழுதிய வரியையே திரும்பப் பெறுகிறேன் என்று அறிவித்துவிட்டது.

ஈசூன்வாசி
அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பெரிய நாடு தோற்றாலும் தான் எழுதிய வரியை அழித்துக்கொள்ளலாம், சின்ன நாடு ஜெயித்தாலும் கையில் ஒன்றுமில்லை. விதிகளை நம்பி வாழ்கிற சின்ன நாட்டுக்காரர்கள் நாம். அந்தத் தீவின் பக்கம்தான் நம் மனசு நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தேக்கா பையன்
இந்தியாவைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் அத்தனைக்கும் நாடாளுமன்றத்தில் தடைச் சட்டம். திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சே கிடையாது, உள்நாட்டு நிறுவனமும் தப்பவில்லை. ஈசூன்வாசி அண்ணன் கேட்கும் நியாயம் அதில் இருக்கிறது.

மாலதி அக்கா
எல்லாவற்றையும் மூடினால் எனக்கும் சந்தோஷம்தான் தம்பி. ஆனால் என் தங்கை கணவர் போனது மூடியிருந்த தளத்துக்குத்தான். அடைத்த தளத்துக்கு மறுநாளே வேறு முகவரி வந்தது, ஏஜெண்டே அனுப்பினான்.

ஈசூன்வாசி
அக்கா, உங்கள் தங்கைக்கு நடந்ததைப் படித்தபிறகு வெளிநாட்டுத் தளங்களைத் திறந்துவிடு என்று நான் இனிச் சொல்ல மாட்டேன். கடன் கொடுத்து ஆட வைக்கிறவனையும் வரம்பு வைக்கிறவனையும் ஒரே தட்டில் வைத்தது என் பிழை.

ஆனால் குதிரைக் கேள்வியை விடவில்லை. குதிரைப் பந்தயக் கழகம்கூட 2024 அக்டோபரில் கிராஞ்சியில் கடைசிப் பந்தயத்தை ஓட்டி முடித்துவிட்டது. 4டி வரிசை மட்டும் அப்படியே நிற்கிறது. இணையத்தில் ஆட 21 வயது ஆக வேண்டும், எங்கள் புளோக்குக் கீழே இருக்கிற கடையில் சீட்டு எழுத 18 போதும். ஒழுக்கத்துக்காகத்தான் தடை என்றால் இந்த மூன்று வயது வித்தியாசம் எதற்கு? என் மகனுக்கு வருகிற மாதம் 18 ஆகிறது. தினமும் அந்த வரிசையைத் தாண்டித்தான் எம்ஆர்டி ரயிலுக்குப் போகிறான். நம் தொகுதி மக்கள் சந்திப்பில் இதைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். கடற்கரைச்சாலை தம்பி, கடிதத்தை எழுத நீங்களும் கை கொடுங்கள்.

கடற்கரைச்சாலை
வயது விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான் அண்ணே. வியாழக்கிழமைக்குள் வரைவு அனுப்புகிறேன்.