டெஸ்டின் பக்கம் 12 பேருக்குக் கடலோரக் காண்டோ: முன்பணம் கட்டும் முன் கவனிக்க வேண்டியவை (நெய்தல், வேப்பமரம், தாமிரபரணி என்ற புனைபெயர்களில் மூவர் சொல்வது)

நெய்தல்:

ஃபுளோரிடாவின் டெஸ்டின், பனாமா சிட்டி பீச், பக்கத்து மாநிலமான அலபாமாவின் கல்ஃப் ஷோர்ஸ் எங்கே போனாலும் விளம்பரத்தில் "12 பேர் தங்கலாம்" என்று இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது படுக்கைகளைக் கூட்டி வந்த எண். மூன்று படுக்கையறைக் காண்டோவை, அதாவது வாடகைக்கு விடும் அடுக்குமாடி வீட்டைப், பிரித்தால் பெரும்பாலும் இப்படி வரும்: கிங் கட்டிலில் 2, குயின் கட்டிலில் 2, மூன்றாவது அறையின் இரண்டு அடுக்குக் கட்டில்களில் 4, நடைவழிச் சுவரோரம் அடுக்குக் கட்டிலில் 2, ஹாலில் சோபா பெட்டில் 2. கதவைச் சாத்திக்கொண்டு தூங்க முடிந்தவர்கள் 8 பேர்தான். நடைவழிக் கட்டில் குறுகல். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமே ஆகும். காலை 5 மணிக்குத் தாத்தா காப்பி போட எழுந்தால் ஹாலில் படுத்திருப்பவர்களின் தூக்கம் அதோடு போச்சு.

அதனால் தம்பதிகளை எண்ணுங்கள். தாத்தா பாட்டியோடு கல்யாணமான மூன்று பிள்ளைகளின் குடும்பங்கள் என்றால் நான்கு கதவு வேண்டும், குளியலறை குறைந்தது மூன்று. நான்கு அறைக் காண்டோ அரிது, வாடகையும் எகிறும். ஒரே மாடியில் அடுத்தடுத்து இரண்டு அறை வீடுகள் இரண்டு எடுப்பதே என் பரிந்துரை. குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம், கார் அனுமதிச் சீட்டு எல்லாமே இரட்டிப்பாகக் கிடைக்கும். சுத்தம் செய்யும் கட்டணமும் இரண்டு தடவை வரும், அதையும் வரியையும் சேர்த்த மொத்தத்தை வைத்து ஒப்பிடுங்கள். வீட்டு எண்களை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். "ஒரே கட்டடம்" என்ற வாக்குறுதி 4ஆம் மாடியிலும் 15ஆம் மாடியிலும் கொண்டுபோய் விடும்.

வேப்பமரம்:

"கடல் முகப்பு", "கடல் காட்சி", "கடற்கரைக்கு நடந்து போகலாம்" மூன்றும் வேறு வேறு. முதலாவதில் பால்கனிக்கு நேர் கீழே மணல். இரண்டாவதில் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் நீலம் தெரியும். மூன்றாவதில் சில இடங்களில் 98ஆம் எண் நெடுஞ்சாலையையே கடக்க வேண்டும். குடை, ஐஸ் பெட்டி, முட்டிவலிக்காரப் பாட்டி, மூன்று வயதுக் குழந்தை என்று ஒரு நாளில் நாலு தடவை. வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து சாலை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

மாடி விஷயத்தில் 3 முதல் 6 வரை நல்லது. சனிக்கிழமை மாலை எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து இறங்குவார்கள், லிஃப்டுக்கும் சாமான் வண்டிக்கும் வரிசை நிற்கும். தீ எச்சரிக்கை மணி அடித்தால் படியில்தான் இறங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குழந்தைகள் இருந்தால் பால்கனிக் கதவின் மேல்பக்கம் தாழ்ப்பாள் உண்டா என்று கேளுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, பால்கனி நாற்காலிகளையும் மேசையையும் ஓரத்துத் தடுப்புக் கம்பியை விட்டுத் தள்ளிப் போடுவது. குழந்தை கம்பி மேல் ஏறுவதில்லை, நாற்காலி மேல் ஏறுகிறது.

இன்னொன்று பலர் கேட்கவே மாட்டார்கள்: "நாங்கள் வரும் வாரத்தில் பால்கனி கான்கிரீட் பழுது வேலை உண்டா?" 2021 ஜூன் 24 அன்று மயாமிக்கு அருகே சர்ஃப்சைடில் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்த பிறகு, பழைய காண்டோக் கட்டடங்களைக் கட்டாயம் பரிசோதிக்க ஃபுளோரிடா சட்டம் கொண்டுவந்தது. தேவையான வேலை, நல்ல வேலை. ஆனால் அது நடக்கும் வாரத்தில் பால்கனி பூட்டியிருக்கும், காலையிலிருந்து சுவர் குடையும் சத்தம் கேட்கும்.

தாமிரபரணி:

சமையல் பற்றி. பெரும்பாலும் கண்ணாடித் தட்டு மின்அடுப்புதான். குழிந்த அடி இரும்புச் சட்டி அதில் சரியாகச் சூடேறாது; தட்டை அடி உள்ள வாணலி, 5 லிட்டர் குக்கர் கொண்டுபோங்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி பல வீடுகளில் புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி உள்ளேயே திருப்பி விடும். மிளகாய் வற்றல் தாளித்தால் புகை மணி அலறும். தாளிப்பைக் குறைந்த சூட்டில் மூடி போட்டுச் செய்யுங்கள், மணியைத் துணி போட்டு மூட வேண்டாம். பால்கனிக் கதவைத் திறந்தால் சில கட்டடங்களில் ஏசி தானாக நின்றுவிடும், பயப்பட ஒன்றுமில்லை. பால்கனியில் கிரில் (வாட்டிச் சுடும் அடுப்பு) வைக்கக் கூடாது, கீழே பொது கிரில் இருக்கும்.

இட்லி மாவை ஊரிலேயே பொங்க வைத்துக் குளிர்ந்த பிறகு, பாத்திரத்தில் பாதி அளவே நிரப்பி ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள். ஏசி அறையில் மாவு சீக்கிரம் பொங்காது. மிச்சச் சோற்றை, சிங்க்குக்குக் கீழே உணவு மிச்சத்தை அரைத்துக் குழாயில் விடும் இயந்திரத்தில் தள்ளாதீர்கள். சோறு ஊறி உப்பிக் குழாயை அடைக்கும், செலவு உங்கள் தலையில் விழும்.

நெய்தல்:

அட்லாண்டாவிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: டெஸ்டின் மத்திய நேரத்தில் இருக்கிறது. அங்கே 4 மணிக்குச் சாவி என்றால் உங்கள் கடிகாரத்தில் 5. பதிவு செய்கிறவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும். கோடையில் சனி முதல் சனி வரைதான் தருவார்கள்.

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் பயணக் காப்பீடு அந்தப் புயலுக்கு உதவாது. கட்டாய வெளியேற்ற உத்தரவு வந்தால் மட்டும் பணம் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று படியுங்கள். "மழை பெய்தது" என்று கேட்டால் ஒரு டாலர் கிடைக்காது.

வேப்பமரம்:

கடற்கரையில் பறக்கும் எச்சரிக்கைக் கொடியின் நிறத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். பச்சை அமைதி, மஞ்சள் கவனம், சிவப்பு அபாயம், ஊதா என்றால் ஜெல்லி மீன் போன்றவை. இரட்டைச் சிவப்பு பறந்தால் கடல் மூடப்பட்டது, கால் வைத்தால் அபராதம். நீந்துகிறவர்களைக் காப்பாற்றும் காவலர் எல்லாக் கரையிலும் இருப்பதில்லை. காலையில் பால்கனியிலிருந்து ஐந்து நிமிடம் பாருங்கள்: இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் மட்டும் உடையாமல் கரும்பச்சையாக ஒரு சந்து போலத் தெரிந்தால் அதுதான் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். அமைதியாக இருக்கிறதே என்று பிள்ளைகள் அங்கேதான் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தச் சந்தை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.