ரெண்டு குழந்தைக்கும் சீட்டு குடுத்தாச்சு, ஒன்னு தான் போச்சு. நான் என்ன பண்ணனும்?

ஏரிக்கரை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்துல அங்கன்வாடி டீச்சரா 11 வருஷமா இருக்கேன். ஒரு விஷயம் மனசை அரிச்சிக்கிட்டே இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

என் ரிஜிஸ்டர்ல ரெண்டு குழந்தைங்க, ரெண்டுக்கும் ரெண்டேகால் வயசு, ரெண்டும் இன்னும் ஒரு வார்த்தை பேசல. ஒன்னு ஊருக்குள்ள மளிகை கடைக்காரர் பேரன். இன்னொன்னு ஏரிக்கரையில இருக்கற இருளர் குடியிருப்புல ஒரு பொண்ணு, சத்துமாவு வாங்க அவ அம்மா இடுப்புல தூக்கிட்டு வரும்போது தான் நான் பாப்பேன். ஊர் ஊரா வந்து குழந்தைங்களை பரிசோதிக்கிற அரசு திட்டம் ஆர்பிஎஸ்கே, அந்த வண்டி வந்தப்போ நானே ரெண்டு பேரையும் காட்டினேன், ரெண்டுக்கும் மாவட்ட ஆரம்பநிலை சிகிச்சை மையத்துக்கு சீட்டு எழுதி குடுத்தாங்க. பையனை அந்த வாரமே அவங்க அப்பா பைக்ல கூட்டிட்டு போயிட்டாரு, காது டெஸ்ட் பண்ணி, ஸ்பீச் தெரபி ஆரம்பிச்சு இப்ப "தா", "ஆயா"ன்னு சொல்றான்.

பொண்ணு போகல. ஒரு மாசம் கழிச்சு வீட்டுக்கு போய் கேட்டேன். அவ அம்மா எழுந்து போய் கூரையில செருகி வச்சிருந்த மஞ்சப்பையை எடுத்து, ரேஷன் கார்டுக்கு நடுவுல நாலா மடிச்சு வச்சிருந்த சீட்டை பிரிச்சு காட்டி "பத்திரமா வச்சிருக்கேன் டீச்சர்"னு சொன்னாங்க. அது பத்திரமா வைக்கிற பேப்பர்னு தான் அவங்க நினைச்சிருக்காங்க. எழுதியிருந்ததும் இங்கிலீஷ்ல. எங்க போகணும், எதுக்கு போகணும்னு ஒருத்தரும் உக்காந்து சொல்லல, நானும் தான் சொல்லல.

போகணும்னா ரெண்டு பஸ். முதல் பஸ் டவுன் பஸ், பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, ரெண்டாவதுக்கு காசு. அன்னிக்கு கூலியும் போச்சு. பொங்கல் முடிஞ்சா முன்பணம் வாங்கின செங்கல் சூளைக்கு குடும்பத்தோட கிளம்பிடுவாங்க, திரும்பி வர ஆனி ஆடி ஆயிடும், அப்ப குழந்தைக்கு மூணு வயசு நெருங்கிடும். ஆனா ரிப்போர்ட்ல ரெண்டு பேர் பேருக்கு நேராவும் "ரெஃபர் செய்யப்பட்டது"ன்னு ஒரே மாதிரி டிக் இருக்கு. அந்த டிக்கை பாத்தாலே எனக்கு கஷ்டமா இருக்கு. நான் என்ன பண்ணலாம்?

சூர்யா அம்மா:
டீச்சர், மத்தது எல்லாம் அப்புறம், முதல்ல அந்த பிள்ளைக்கு காது கேக்குதான்னு பாக்க சொல்லுங்க. நான் மதுரை பக்கம், பட்ட அனுபவத்துல சொல்றேன். என் மகன் பேசலைன்னதும் வீட்ல "ஆம்பளப் பிள்ள லேட்டா தான் பேசும், அவங்க அப்பனும் அப்படித்தான்"னாங்க, நாங்க காட்டின தனியார் டாக்டரும் மூணு வயசு வரைக்கும் பொறுத்துப் பாப்போம்னுட்டாரு. சில்வர் தட்டு கீழ விழுந்தா அவன் திரும்பிப் பாப்பான், அதனால காது நல்லா கேக்குதுன்னு நான் நம்பிட்டேன். தரையில உக்காந்திருக்கிற பிள்ளைக்கு அதிர்வு தெரியும்ல, அதுக்குத்தான் திரும்பிருக்கான். அவனுக்கு தெரியாம பின்னாடி நின்னு பேர் சொல்லி கூப்பிட்டப்போ ஒரு தடவை கூட திரும்பல, அன்னைக்கு ராத்திரி பூரா நான் தூங்கல.

பிறந்து 1 மாசத்துக்குள்ள காது ஸ்கிரீனிங், 3 மாசத்துக்குள்ள குறை இருக்கான்னு உறுதி பண்றது, 6 மாசத்துக்குள்ள காது மெஷினோ பயிற்சியோ ஆரம்பிக்கிறது, இதுதான் கணக்குன்னு எனக்கு தெரிய வந்தப்போ அவனுக்கு நாலு வயசு தாண்டிருச்சு. முதலமைச்சர் காப்பீட்டுல காக்ளியர் இம்ப்ளாண்ட், அதான் ஆபரேஷன் பண்ணி காதுக்குள்ள வைக்கிற கருவி, ஆறு வயசுக்குள்ள தான், ஓடி ஓடி அதுக்குள்ள வாங்கிட்டோம். அதே தெரபி கிளாஸ்ல ஒன்றரை வயசுல ஆபரேஷன் பண்ணின பிள்ள ஒன்னு, என் பையனை விட சின்னவ, கதையே சொல்லுவா. என் பையன் இன்னும் ஒவ்வொரு எழுத்தா தேடுறான். ஆனா எங்களுக்கு கேக்க தெரிஞ்சுச்சு, வட்டிக்காவது வாங்கி ஓட முடிஞ்சுச்சு. அந்த அம்மாவுக்கு அதுவும் இல்லையே. பொங்கலுக்கு முன்னாடி காது டெஸ்ட்டாவது முடிச்சுருங்க டீச்சர், கெஞ்சி கேக்குறேன்.

பிசியோ தென்காசி:
மேடம், நான் பிசியோதெரபிஸ்ட், கொஞ்ச வருஷம் இந்த மாதிரி ஒரு மாவட்ட மையத்துல இருந்தேன். எங்க ரிஜிஸ்டரை ஊர் வாரியா பிரிச்சு பாத்தப்போ வர்ற குழந்தைங்க பூரா மெயின் ரோட்டு ஊர்க்காரங்க. மலையடிவாரம், காலனி, சூளை, இங்கெல்லாம் குழந்தைங்களுக்கு குறையே இல்லையா என்ன. 2013ல ஆர்பிஎஸ்கே ஆரம்பிச்சப்போ டீம் வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கன்வாடிக்கு வரணும்னு வச்சாங்க, நல்ல ஏற்பாடு தான், ஆனா அன்னிக்கு சென்டர்ல இருக்கற குழந்தை தான் கண்ணுல படும். ரெண்டு வயசுக்கு கீழ இருக்கறது வீட்ல இருக்கும், வேலைக்கு போற தாய் கூட போயிருக்கும். நீங்க நினைச்சு காட்டினதால தான் இந்த பொண்ணுக்கு சீட்டாவது கிடைச்சது.

இப்ப பண்ண வேண்டியது, சீட்டுல இருக்கற மையத்துக்கு நீங்களே போன் பண்ணி ஸ்பீச் தெரபிஸ்ட், காது டெஸ்ட் பண்ற ஆடியாலஜிஸ்ட் ரெண்டு பேரும் இருக்கற நாள் எதுன்னு கேட்டு தேதி வாங்குங்க. அவங்க ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்து "அந்த மேடம் இன்னிக்கு லீவு, நாளைக்கு வாங்க"ன்னு பதில் வந்தா அதோட சரி, மறுபடி வரவே மாட்டாங்க. காது டெஸ்டுக்கு குழந்தை தூங்கணும், அதனால காலையில பஸ்ல தூங்க விடாம கூட்டிட்டு வர சொல்லுங்க, இதை யாரும் சொல்லாம டெஸ்ட் நடக்காம திரும்பிப் போனவங்க எத்தனையோ பேர். மாற்றுத்திறனாளி சர்டிபிகேட், கார்டு எதுவும் முதல்ல தேவையில்ல, செலவும் இல்ல, அதை அந்த அம்மாகிட்ட தெளிவா சொல்லிடுங்க, பாதி பேர் பயப்படறதே அதுக்கு தான்.

எங்க பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துல ஊர்லயே ஆளுங்களுக்கு பயிற்சி குடுத்து வீட்டுக்கே அனுப்பறாங்க, அவங்க அம்மாவுக்கு சொல்லிக் குடுத்து குழந்தைக்கு செய்ய வைக்கிறாங்க. தூரத்துல இருக்கற குடும்பத்துக்கு அது தான் சரிப்பட்டு வரும்னு நான் உறுதியா நம்பறேன்.

நியூஜெர்சி மீனா:
இங்க அமெரிக்காவுல மூணு வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்களுக்குன்னே சட்டம் இருக்கு, 1986ல வந்தது. டாக்டர் சீட்டு இல்லாமலே பெத்தவங்க போன் பண்ணி பதியலாம், 45 நாளுக்குள்ள குழந்தையை பாத்து திட்டம் போட கூட்டம் நடத்தணும், பரிசோதனைக்கு காசு கிடையாது, பெரும்பாலும் வீட்டுக்கே வந்து பயிற்சி குடுப்பாங்க. அப்படி இருந்தும் கறுப்பின குழந்தைங்க, இங்கிலீஷ் தெரியாத வீட்டு குழந்தைங்க குறைவா தான் போய் சேர்றாங்கன்னு ஆய்வுகள்ல திரும்ப திரும்ப வருது. சட்டம் இருந்தா மட்டும் போதாது, கையை புடிச்சு கூட்டிட்டு போக ஆள் வேணும்.

இன்னொன்னு, எங்க தமிழ் குடும்பம் ஒன்னுகிட்ட "வீட்ல ரெண்டு மொழி பேசறதால தான் குழந்தை பேசல, தமிழை விட்டுடுங்க"ன்னு ஒருத்தர் சொல்லிட்டாங்க, அவங்களும் ஒரு வருஷம் சும்மா இருந்துட்டாங்க. ரெண்டு மொழி கேக்கறதால குழந்தைக்கு பேச்சு நின்னு போகாது. அந்த பொண்ணை பரிசோதிக்கும்போது அவங்க குடியிருப்புல பேசற பேச்சுலயே பேச சொல்லுங்க டீச்சர், அம்மாவை பக்கத்துலயே வச்சுக்க சொல்லுங்க. புது எடத்துல புது ஆளுங்க முன்னாடி எந்த குழந்தையும் வாயை திறக்காது.

ஏரிக்கரை டீச்சர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சூர்யா அம்மா, நீங்க சொன்னதை படிச்சதும் நேத்து சாயங்காலமே போயிட்டேன். பொண்ணு கோழிக்குஞ்சு கூட விளையாடிட்டு இருந்தா, பின்னாடி நின்னு அவ அம்மாவை விட்டு கூப்பிட சொன்னேன், ரெண்டு தடவை திரும்பல, மூணாவது தடவை திரும்பினா, ஆனா அப்ப நாயும் குலைச்சது, எதுக்கு திரும்பினான்னு புரியல. அவ அம்மா என் முகத்தையே பாத்துட்டு இருந்தாங்க.

மையத்துக்கு போன் பண்ணிட்டேன், வர்ற வியாழக்கிழமை காலையில வர சொல்லிட்டாங்க. நானும் கூட போறேன், சென்டரை உதவியாளர் அக்கா பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க, சூபர்வைசர்கிட்டயும் சொல்லிட்டேன். தூங்க விடாம கூட்டிட்டு போறதுக்கு குழந்தையோட பாட்டியும் வர்றாங்களாம். பஸ் காசு நான் பாத்துக்கறேன்.

ஒன்னு மட்டும் இன்னும் கேக்கணும். சூளை செங்கல்பட்டு பக்கம்னு சொல்றாங்க, அங்க போனதுக்கு அப்புறம் அஞ்சாறு மாசம் தெரபி விட்டுப் போயிடக்கூடாது. அங்கன்வாடி பதிவை போஷன் டிராக்கர்ல (நாங்க பதிவு பண்ற ஆப்) அந்த ஊருக்கு மாத்திடலாம், ஆனா தெரபியை யார் பாத்துக்குவாங்க? செங்கல்பட்டு பக்கம் டீச்சருங்க, கிராம சுகாதார நர்ஸ் யாராவது இதை படிச்சீங்கன்னா எனக்கு மெசேஜ் பண்ணுங்க. சூளை இருக்கற ஊர் பேரை அவங்க மேஸ்திரிகிட்ட கேட்டு வாங்கி வைக்கறேன்.