உதவி: முடிவிலாத் தொலைவில் நிலை ஆற்றல் சுழியா? எனக்கு இடிக்கிறது

மண்டபம் பிளஸ் ஒன்:
நாளை மறுநாள் ஈர்ப்பியலில் டெஸ்ட். ஒரு கிலோ பாறை மீனை மேலே தூக்கிக்கொண்டே போனால் நிலை ஆற்றல் கூடிக்கொண்டேதானே போகும்? எம்ஜிஎச்சில் (நிறை × ஈர்ப்பு முடுக்கம் ஜி × உயரம்) உயரத்துக்கு முடிவிலி போட்டால் விடையும் முடிவிலி. புத்தகமோ அங்கே சுழி என்கிறது. கீழே இருக்கும்போது மைனஸ் வேறு. டியூஷனில் கேட்டேன், "அப்படியே எழுதிட்டு வா" என்று சொல்லிவிட்டார்கள். எங்கே தப்பு?

தொண்டி அண்ணன்:
அங்கே இழுவிசையே இல்லை, அதனால் ஆற்றலும் இல்லை. அவ்வளவுதான் தம்பி.

கீழக்கரை வாத்தியார்:
தொண்டிக்காரரே, விசை சுழி என்பதால் ஆற்றல் சுழியாகிவிடாது. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பது நாம் வைத்துக்கொள்வது.

தம்பி, தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டி, அகப்பையால் தண்ணீர் மொள்ளும் ஊற்றைப் பார்த்திருப்பாய். விளிம்பைச் சுழி என்று வைத்தால் அடிமட்டம் மைனஸ் நாலு. மேலே ஏற ஏற மைனஸ் மூன்று, இரண்டு, ஒன்று, கடைசியில் சுழி. கூடித்தானே வந்தது? முடிவிலிதான் விளிம்பு; பூமியில் இருக்கும் நாம் ஊற்றின் அடியில் இருக்கிறோம். உன் மீனின் கணக்கு சுமார் மைனஸ் 6.25 கோடி ஜூல்.

உன் தப்பு எம்ஜிஎச்சில். பாம்பன் புதுப் பாலத்தின் தூக்குப் பகுதி 17 மீட்டர் ஏறுவதற்கு அது போதும், அங்கே ஜி கிட்டத்தட்ட மாறாது. 6,400 கிலோமீட்டர் ஏறினால் ஜி கால்வாசி ஆகிவிடும். நிலாத் தொலைவில் 3,600-இல் ஒரு பங்கு. ஜி மாறாது என்றே போட்டால், முதல் 6,400 கிலோமீட்டருக்கே 6.25 கோடி ஜூல் வந்துவிடும். உண்மையில் ஆவது அதில் பாதி. நிலாத் தொலைவுக்குப் போனபின் மீதிப் பாதை முழுவதற்கும் சுமார் 10 லட்சம் ஜூல்தான் பாக்கி.

மண்டபம் பிளஸ் ஒன்:
பாதை முடியவே முடியாது, செலவு மட்டும் முடிந்துவிடுமா சார்?

கீழக்கரை வாத்தியார்:
ஆமாம். முடிவிலி என்பது போய்ச் சேரும் ஊர் இல்லை. 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் கூட அங்கே சேராது. எவ்வளவு தூரம் போனாலும் மொத்தச் செலவு 6.25 கோடியைத் தாண்டாது என்பதுதான் பொருள்.

தொண்டி அண்ணன்:
அப்போ தரையையே சுழி என்று வைத்தால் குடி முழுகிவிடுமா?

கீழக்கரை வாத்தியார்:
முழுகாது, வித்தியாசம்தான் முக்கியம். ஆனால் முடிவிலியில் வைத்தால் ஒரு வசதி: இயக்க ஆற்றலையும் சேர்த்த மொத்தம் மைனஸ் என்றால், பொருள் இன்னும் பூமியின் பிடியில் இருக்கிறது என்று குறியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மண்டபம் பிளஸ் ஒன்:
சரி சார், அப்போ மொத்தம் சுழி ஆகிற வேகம்தான் விடுபடு வேகமா? 6.25 கோடியை இரண்டால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தேன், 11,180 வந்தது. புத்தகத்தில் 11.2.

கீழக்கரை வாத்தியார்:
அதேதான். உனக்கு மீட்டரில் வந்திருக்கிறது, அவர்கள் கிலோமீட்டரில் போட்டிருக்கிறார்கள். டெஸ்டில் "வினாடிக்கு" என்று எழுத மறந்துவிடாதே. நான் பேப்பர் திருத்திய காலத்தில் அதற்கு அரை மார்க் பிடித்துவிடுவேன்.