ரசீது இல்லாத ஊரில் மானியம் கொடுக்கக் கூடாதா? குன்னூர் ஆடிட்டருக்கு என் பதில்

சேரம்பாடி பேரன்:
நேற்று குன்னூர் ஆடிட்டர் சார் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போனார். சண்டை நடக்கும் ஊரில் சங்கம், தொண்டு அமைப்பு என்று யாருக்கும் மானியம் கொடுக்கக் கூடாதாம், ரசீது வராதாம், இலங்கையில் கொடுத்ததெல்லாம் துப்பாக்கிக்குத்தான் போனதாம். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1977 கலவரத்தில் எங்கள் பெரியம்மா குடும்பம் தேயிலைத் தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, விட்டு ஓடி, வவுனியாவில் காந்தியம் அமைப்பு காட்டிய நிலத்தில்தான் உயிர் பிழைத்தது. டாக்டர் ராஜசுந்தரமும் கட்டடக்கலைஞர் டேவிட்டும் நடத்திய அமைப்பு அது. வெளிநாட்டு உதவிப் பணம் வந்தது, அதில் குடியேற்றினார்கள், பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளி நடத்தினார்கள். 1983இல் அரசு இரண்டு பேரையும் பிடித்துச் சிறையில் போட்டது, ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறைக்குள் நடந்த படுகொலையில் டாக்டரைக் கொன்றார்கள். அந்த மனிதர் துப்பாக்கி வாங்கினாரா சார்?

குன்னூர் ஆடிட்டர்:
தம்பி, உணர்ச்சியை ஓரமாக வையுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்னது நம் பெரியவர்கள்தான். ஆயுதம் தூக்கிய தமிழ் இயக்கப் பையன்களுக்குக் காந்தியம் இடம் கொடுத்தது என்றுதான் அன்றைய அரசு குற்றம் சாட்டியது. அது பொய்யாகவே இருக்கட்டும், பொய் என்று காட்ட ஒரு கணக்கு வேண்டும் இல்லையா? தமிழர் புனர்வாழ்வுக் கழகம் என்ற தொண்டு அமைப்பின் பணத்தை, அது புலிகளுக்குப் போகிறது என்று சொல்லி 2007 நவம்பரில் அமெரிக்கா முடக்கியதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? நான் கேட்டது ஒன்றே ஒன்று. ரசீது எங்கே?

சேரம்பாடி பேரன்:
ரசீதா? தொண்ணூறுகளில் இலங்கையின் வடக்கே, சண்டை நடந்த வன்னிக்குள் மண்ணெண்ணெய், சிமெண்ட், பேட்டரி எல்லாவற்றுக்கும் அரசு தடை. ஜாம் போத்தலில் விரலளவு மண்ணெண்ணெய் ஊற்றி, துணித் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். மோட்டார் சைக்கிளை இரண்டு சொட்டுப் பெட்ரோலில் கிளப்பிவிட்டு அப்புறம் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ரோட்டோரம் போத்தலில் வைத்து விற்ற கிழவியிடம் ஒரு சங்கத்துக்காரர் எண்ணெய் வாங்கி, காய்ச்சல்காரரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அந்தக் கிழவி ஜிஎஸ்டி எண் போட்டு பில் கொடுப்பாரா? கூப்பிட்டதும் டாக்ஸி வருகிற குன்னூர் பெட்போர்டில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்க எப்படி மனசு வருகிறது?

குன்னூர் ஆடிட்டர்:
எந்தக் கிழவி ஆனாலும் ஒரு துண்டுச் சீட்டில் கைநாட்டு வைக்கலாம். வவுச்சர் என்று அதற்குத்தான் பெயர். முப்பது வருஷமாக இதைத்தான் பார்க்கிறேன். ரசீது எங்கே?

கூடலூர்க்காரி:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. நான் மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறேன், இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். சண்டை இல்லாத நம் ஊரிலேயே வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பணம் வாங்கிய அமைப்பு அதை இன்னொரு சின்ன அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு உச்சவரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆக இறக்கிவிட்டார்கள். கணக்கு எழுதுகிற பெண்ணின் சம்பளம் அந்த இருபதுக்குள்தான் வரவேண்டும். ரசீது கேட்கிற ஆடிட்டர் சார், அதை ஒட்டி வைக்கிற ஆளுக்கு யார் காசு கொடுப்பது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாரா? 2016இல் பெரிய நாடுகளும் ஐநா அமைப்புகளும் கூடி, மனிதாபிமான உதவியில் 25 சதவீதத்தை உள்ளூர் அமைப்புகளுக்கு முடிந்தவரை நேரடியாகத் தருவோம் என்று 2020ஐக் கெடு வைத்து ஒப்புக்கொண்டார்கள். சொன்னதோடு சரி, பக்கத்தில்கூட வரவில்லை. சூடானில் 2023 ஏப்ரலில் சண்டை தொடங்கியதிலிருந்து தெருவுக்குத் தெரு இளைஞர்கள்தான் பொதுச் சமையல் நடத்துகிறார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா பணத்தை நிறுத்தியதும் நூற்றுக்கணக்கான அடுப்புகள் அணைந்தன.

குன்னூர் ஆடிட்டர்:
சூடானுக்கு எதற்கு அம்மா ஓடுகிறீர்கள்? பேச்சு இலங்கையைப் பற்றி. ரசீது கேட்டால் சூடான், ஐநா என்று சுற்றுகிறீர்கள். உங்கள் குழுவின் போன வருஷக் கணக்கு எந்த லட்சணத்தில் வந்தது என்பதும் எனக்குத் தெரியும், இங்கே சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன்.

கூடலூர்க்காரி:
சொல்லுங்க சார், தாராளமாகச் சொல்லுங்க. நாலு மாசம் பைலைத் திறக்காமல் வைத்திருந்தது யார் என்று நானும் சொல்கிறேன்.

கேத்தி பெரியவர்:
வெளிநாட்டுக் கதை போதும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தமிழர்களுக்கு நம் அரசு கொடுத்ததைவிடப் பெரிய மானியம் உண்டா? 1976இல் டேன்டீ என்று அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆரம்பித்து வேலை கொடுத்தார்கள், வீடு கொடுத்தார்கள். அதைப் பேசுவார் யாரும் இல்லை.

சேரம்பாடி பேரன்:
பெரியவரே, 1968. காட்டை வெட்டித் தேயிலை நட்டது எங்கள் தாத்தா பாட்டி. கொடுத்தார்கள் என்று சொல்லாதீர்கள், 1964 சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்களைக் கேட்காமலே ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று பிரித்துவிட்டு, இங்கே கூலிக்கு வைத்தார்கள். ரிட்டயர் ஆனதும் லயத்தைக் காலி பண்ணு என்கிறார்கள். அது மானியமா?

கேத்தி பெரியவர்:
1976. கழகமாக ஆனது அப்போதுதான்.

சேரம்பாடி பேரன்:
நட்டது 1968, வனத்துறைத் திட்டமாக. எங்கள் தாத்தாவுக்குக் கழகம் தெரியாது, முதுகு வலிதான் தெரியும். சரி, ஆடிட்டர் சார் நழுவப் பார்க்கிறார், விடமாட்டேன். 2006 ஆகஸ்டில் இலங்கையின் கிழக்கே மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு அமைப்பின் ஊழியர்கள் 17 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 2008 செப்டம்பரில் ஐநாவையும் பெரிய அமைப்புகளையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது அரசு, வெள்ளை வண்டிகள் எல்லாம் வரிசையாகப் போய்விட்டன. ஜனத்தோடு கூடவே இருந்தது யார்? உள்ளூர்ப் பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் உள்ளூர்ச் சங்கத்துப் பிள்ளைகளும்தான். காசு கொடுப்பதென்றால் அவர்களுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது?

குன்னூர் ஆடிட்டர்:
உள்ளே மாட்டிய உள்ளூர் ஊழியர்களுக்கு வெளியே வர பாஸ் கொடுக்காதது யார்? புலிகள் இயக்கம். அதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஊரில் கொடுத்த பணம் யார் கைக்குப் போயிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, தடை செய்த இயக்கத்துக்கு அமைதிப் பயிற்சி கொடுத்தால்கூடக் குற்றம் என்றது, அதில் விடுதலைப் புலிகளும் அடக்கம்.

சேரம்பாடி பேரன்:
பாஸ் கொடுக்காதது அநியாயம்தான், யார் இல்லை என்றது? அதற்காக உள்ளே கஞ்சி காய்ச்சியவரையும் இயக்கத்துக் கணக்கில் எழுதுவீர்களா? அந்தத் தீர்ப்பு இயக்கத்துக்கு உதவுவதைப் பற்றியது, கஞ்சிக் கொட்டிலைப் பற்றியது இல்லை. இதுவரை ஆறு பதிவில் ரசீது, ரசீது என்றே எழுதியிருக்கிறீர்கள், பசித்தவன் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

குன்னூர் ஆடிட்டர்:
ஆறு இல்லை, நான்கு. எண்ணிப் பாருங்கள். கணக்கு என்றால் உங்களுக்கு எவ்வளவு அலட்சியம் என்று இதிலேயே தெரிகிறது.

கேத்தி பெரியவர்:
1976தான். என் மச்சினன் அங்கே பீல்டு ஆபீசராக இருந்தார்.

சேரம்பாடி பேரன்:
உங்கள் மச்சினன் வருவதற்கு எட்டு வருஷம் முன்னாலேயே எங்கள் ஆட்கள் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடிட்டர் சார், ஷெல் விழுகிற ஊரில் கைநாட்டு வவுச்சர் யார் எடுத்து, எங்கே வைத்து, யாரிடம் கொடுத்தனுப்புவார்கள் என்று கேட்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

குன்னூர் ஆடிட்டர்:
வைக்க முடியாது என்றால் பணம் வாங்காதீர்கள். அதுதான் பதில்.

கூடலூர்க்காரி:
இதைப் பசியில் கிடக்கிறவர் முகத்துக்கு நேரே சொல்வீர்களா சார்? அப்புறம், என் குழுக் கணக்கைப் பற்றி ஏதோ சொல்ல வந்தீர்களே, அதை முடித்துவிட்டுப் போங்கள்.