பழைய கார்ல பிரேக் பிடிச்சுக்குது

கார்த்தி: மாமா, கார் எடுத்ததும் நல்லா ஓடுது. பத்து கிலோமீட்டர் போனா நாலு வீலும் இழுத்துப் பிடிக்குது, பெடல் கல்லு மாதிரி ஆயிடுது. அரை மணி ஆறவிட்டா தானா விடுது. நாலும் டிரம் பிரேக். பிரேக் ஆயில்ல சிக்கின ஏர் எடுத்துடவா?

மாமா: ஏர் எடுக்கற நிப்பிளைத் தொடாதே மாப்ள! ஏர் இருந்தா பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். உனக்கு ஆயில் திரும்பற வழி அடைபட்டிருக்கு.

மாமா: பெடலை அழுத்தினா ஆயிலை வீலுக்குத் தள்றது மாஸ்டர் சிலிண்டர். அதுல இருந்து ஆயில் டேங்குக்கு ஊசிமுனை அளவுல ஒரு ஓட்டை இருக்கும். பெடலை விட்டதும் உள்ளே இருக்கிற ரப்பர் கப் அந்த ஓட்டையைத் தாண்டிப் பின்னால வந்து நிக்கணும். நிக்கலைன்னா சூட்டுல விரியற ஆயில், டிரம்மை உரசி நிறுத்தற பிரேக் ஷூவைத்தான் தள்ளும். ஷூ உரச உரச இன்னும் சூடு.

சித்தப்பா: ஒரு வீல் மட்டும்னா அந்த வீலுக்கு ஆயில் போற ரப்பர் ஹோஸைச் சந்தேகப்படலாம். உள் ரப்பர் வீங்கி ஆயிலைத் திரும்ப விடாது, வெளியே பார்த்தா புதுசு மாதிரி இருக்கும்.

கார்த்தி: போன மாசம்தான் மாஸ்டர் புதுசு போட்டோம்.

மாமா: பெடல்ல இருந்து மாஸ்டர் பிஸ்டனைத் தள்ற புஷ் ராடு நீளத்தைத் திருத்தினீங்களா? 🙂 புது மாஸ்டர்ல பிஸ்டன் ஆழம் கொஞ்சம் மாறும்.

மாமா: பிடிச்சிருக்கும்போதே பாரு. மத்த வீலுக்குக் கட்டை கொடுத்துட்டு ஒரு முன்வீலைத் தூக்கு. மாஸ்டரைப் பிடிச்சிருக்கிற நட்டுகளை 3 மில்லிமீட்டர் தளர்த்தி முன்னால இழு. வீல் சுத்தினா ராடு நீளம், கப்பைப் பின்னால வர விடலை. சுத்தலைன்னா நட்டை இறுக்கிட்டு, மாஸ்டர்ல இருந்து வர்ற பைப்போட யூனியன் நட்டைக் கால் சுத்து திற, கண்ணாடி போட்டுக்கோ. அப்போ வீல் விட்டா கோளாறு மாஸ்டருக்கு உள்ளே.

சித்தப்பா: கீழே துணி போடு. ஆயில் பெயிண்டை உரிச்சிடும், சிந்தினா உடனே தண்ணி ஊத்து.

கார்த்தி: நட்டைத் தளர்த்தினேன், வீல் விட்டுடுச்சு!

மாமா: அப்போ ராடுதான். ராடை நகராம பிடிச்சிருக்கிற லாக் நட்டைத் தளர்த்தி ராடு நீளத்தைக் குறை. ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல 1.5 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கணும். அப்புறம் டேங்க் மூடியைத் திறந்து, பெடலைக் கையால மெதுவா அழுத்தச் சொல்லு. முதல் அசைவுல ஆயில் மேல சின்னதா ஒரு கொப்புளம் எழும்பும். அதைப் பார்த்தா ஓட்டை திறந்திருக்குன்னு அர்த்தம்.

சித்தப்பா: டேங்க்ல என்ன ஊத்தினே?

கார்த்தி: டாட் 4 பிரேக் ஆயில்தான்.

சித்தப்பா: நல்லது. எஞ்சின் ஆயில் கலந்திருந்தா கப் ஊதி அதே ஓட்டையை மூடும். அப்போ ராடு திருத்திப் பிரயோஜனமில்லை, எல்லா ரப்பரையும் மாத்தணும்.

கார்த்தி: கடைசியா ஏர் எடுக்கணுமா?

மாமா: பைப்பைத் திறக்கவே இல்லையே, எதுக்கு?