ஒரு கீபோர்டு, ஒரு டிராக்பேட், இரண்டு மேக்: தினமும் அழித்து அழித்துச் சேர்க்காமல் இருக்க வழி உண்டா?

காலடிப்பேட்டைக்காரன்
வணக்கம். வீட்டில் சொந்தமாக ஒரு மேக் மினி (திரையும் கீபோர்டும் தனியாகச் சேர்க்க வேண்டிய ஆப்பிளின் சின்னப் பெட்டிக் கணினி) இருக்கிறது, அலுவலகத்தில் கொடுத்த மேக்புக் ஒன்றும் இருக்கிறது. மேசை ஒன்றுதான், அதுவும் சின்ன மேசை, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில். மேஜிக் கீபோர்டு ஒன்று, விரலால் தடவிக் கர்சரை நகர்த்தும் மேஜிக் டிராக்பேட் ஒன்று, இவற்றை வைத்துத்தான் இரண்டிலும் வேலை செய்கிறேன். காலையில் மினியில் புளூடூத் அமைப்பைத் திறந்து இரண்டையும் நீக்கி மேக்புக்கில் சேர்ப்பேன், ராத்திரி சொந்த வேலைக்கு உட்காரும்போது அதையே திருப்பிச் செய்வேன். போன வாரம் அவசரத்தில் மேக்புக்கிலிருந்து நீக்கிவிட்டேன், ஆனால் மினி இரண்டையும் கண்டுபிடிக்கவே இல்லை. மினியில் வேறு கீபோர்டும் கிடையாது, மவுஸும் கிடையாது. மேல்வீட்டில் ஒயர் மவுஸ் கடன் வாங்கித்தான் சரிசெய்தேன்.

ஒரு மேக்கின் கீபோர்டையும் டிராக்பேடையும் வைத்துப் பக்கத்து மேக்கையும் இயக்கும் யுனிவர்சல் கன்ட்ரோல் வசதியும் பார்த்தாயிற்று. அதற்கு இரண்டு மேக்கிலும் ஒரே ஆப்பிள் கணக்கு வேண்டும், அலுவலக மேக்கில் என் சொந்தக் கணக்கைப் போட அனுமதி இல்லை. மவுஸ் வாங்கச் சொல்லாதீர்கள், வலது மணிக்கட்டு வலியால்தான் டிராக்பேடுக்கே மாறினேன்.

பழைய வண்ணை
தம்பி, நீங்கள் எதையும் நீக்கவே தேவையில்லை. அந்தக் கீபோர்டும் டிராக்பேடும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கணினியைத்தான் நினைவில் வைத்திருக்கும், புதிதாக ஒன்றோடு சேர்ந்தால் பழையது போய்விடும். அதனால் மேக்புக்கில் வேலை செய்ய வேண்டுமா, சார்ஜ் போடும் கேபிளை எடுத்து மேக்புக்கில் செருகுங்கள், சில நொடிகளில் தானாகச் சேர்ந்துவிடும், அப்புறம் கேபிளைப் பிடுங்கிவிடலாம், ஒயர் இல்லாமலே ஓடும். ராத்திரி மினியிலும் அப்படியே. புளூடூத் அமைப்புப் பக்கமே போக வேண்டாம். நான் இரண்டு வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

காலடிப்பேட்டைக்காரன்
நன்றி அண்ணா, இப்போதே செய்து பார்த்தேன். சார்ஜ் ஏறுகிறது, ஆனால் சேரவில்லையே?

பழைய வண்ணை
கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜுக்கு மட்டும் என்று விற்கும் கேபிளில் டேட்டா ஒயர் இருக்காது, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கீபோர்டோடு பெட்டியில் வந்த கேபிள் இருந்தால் அதைப் போடுங்கள். கீபோர்டின் பின்பக்க ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

கொருக்குப்பேட்டை வாசி
அண்ணன் சொன்னது சரியான வழிதான், ஆனால் தினமும் நாலு முறை செருகிப் பிடுங்க நான் சொல்ல மாட்டேன். நம் பக்கத்துக் கடல் காற்றில் செருகும் இடங்கள் சீக்கிரம் பச்சை பிடிக்கின்றன, ஆடுகின்றன, என் பழைய போனின் சார்ஜ் பின் அப்படித்தான் போனது. யு.எஸ்.பி. ஸ்விட்ச் என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கும். ஒரு பக்கம் கீபோர்டு, டிராக்பேட் கேபிள்கள், மறுபக்கம் இரண்டு கணினிகளுக்கும் ஆளுக்கொரு கேபிள், நடுவில் ஒரு பட்டன். அழுத்தினால் இரண்டும் சேர்ந்து அந்தக் கணினிக்குப் போய்விடும். ஒயர்லெஸ் வாங்கி ஒயரில் கட்டி வைப்பதா என்று வீட்டில் கேட்டார்கள், இருக்கட்டும், எனக்கு ஒயர் இல்லாமல் இருப்பதைவிடக் காலையில் ஒரு பட்டனோடு வேலை தொடங்குவது முக்கியம், சார்ஜ் தீர்ந்துபோகும் கவலையும் இல்லை. மானிட்டரையும் சேர்த்து மாற்றும் கே.வி.எம். பெட்டியும் உண்டு, விலை கூட, மானிட்டரிலேயே இரண்டு இன்புட் இருந்தால் அது தேவையில்லை.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேளுங்கள், காலடிப்பேட்டை மெட்ரோவில் ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். பிரின்டர் ஸ்விட்ச் என்று ஒன்றைக் காட்டுவார்கள், அதில் பல மாடல்களில் ஒரே ஒரு பொருள்தான் செருக முடியும், இரண்டுக்கு மேல் செருகும் இடம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. பெட்டி வாங்கும்வரை, ராத்திரி மூடும்போது இரண்டையும் மினியோடு சேர்த்துவிட்டு மூடுங்கள். மேக்புக்கில் அதற்கென்று கீபோர்டும் டிராக்பேடும் இருக்கின்றன, மினிக்கு வேறு கதி இல்லை.

எம்.கே.பி. நகர் 2
என் வீட்டில் ஒன்று மேக், ஒன்று விண்டோஸ், அதனால் என் கதை வேறு. கீபோர்டு மட்டும் என்றால் இன்று கஷ்டமே இல்லை, லாஜிடெக் கே380 போன்றவை மூன்று கணினிகளை நினைவில் வைக்கும், எஃப்1, எஃப்2, எஃப்3 அழுத்தினால் மாறும். விண்டோஸுக்கு எஃப்.என். விசையோடு பி, மேக்குக்கு எஃப்.என். விசையோடு ஓ, மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் கமாண்டு, ஆல்ட் எல்லாம் அந்தந்தக் கணினிக்கு ஏற்ப அமையும். கஷ்டம் டிராக்பேடில்தான். பல கணினிகளுக்கு மாறும் மவுஸ் எத்தனையோ இருக்கின்றன, மேக்கில் மூன்று விரல், நான்கு விரல் சைகை எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் அப்படியொரு டிராக்பேடை நான் இன்னும் பார்க்கவில்லை. மணிக்கட்டு வலி என்கிறீர்கள், அதனால் இருப்பதை விடாதீர்கள்.

குட்டி ரிசீவர் வைத்து ஓடும் கீபோர்டு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். லாஜிடெக்கின் யூனிஃபையிங் ரிசீவர் ஒன்றில் ஆறு பொருள் சேரும் என்றால், ஒரே கணினியில் ஆறு கீபோர்டு, மவுஸ் என்று அர்த்தம், ஒரு கீபோர்டு ஆறு கணினியில் ஓடும் என்று இல்லை. நான் அப்படி நினைத்துத்தான் பணத்தைப் போட்டேன்.

ஒரு கணினியின் கீபோர்டை நெட்வொர்க் வழியாக அடுத்ததற்கு அனுப்பும் மென்பொருள்களும் உண்டு, மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள மவுஸ் விதவுட் பார்டர்ஸ் விண்டோஸுக்குள் மட்டும். அலுவலகக் கணினியில் இதையெல்லாம் கேட்காமல் போடாதீர்கள். நீங்கள் தட்டும் பாஸ்வேர்டுகூட அந்த மென்பொருள் வழியாகத்தான் போகிறது, பிடிபட்டால் வேலைக்கே ஆபத்து.

காலடிப்பேட்டைக்காரன்
பெட்டியில் வந்த பழைய கேபிள் கிடைத்தது, போட்டதும் சேர்ந்துவிட்டது! ஸ்விட்ச் பெட்டி சனிக்கிழமை போய் வாங்குகிறேன். ஒன்று மட்டும் புரியவில்லை, மேக்புக்கில் வழுக்கிக்கொண்டு போகும் கர்சர் மினியில் அவ்வப்போது திக்கித் திக்கி நகர்கிறது. ஒரே டிராக்பேட்தானே?

கொருக்குப்பேட்டை வாசி
மினியின் பின்னால் யு.எஸ்.பி. 3 ஹார்டு டிஸ்க் ஏதாவது செருகியிருக்கிறீர்களா? அதன் கேபிளிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும், புளூடூத்தும் அங்கேதான் ஓடுகிறது. இன்டெல்லே 2012-இல் இதைப் பற்றி விரிவாக ஒரு அறிக்கை போட்டது. டிஸ்கை நீளக் கேபிளில் ஒரு முழம் தள்ளி வையுங்கள், வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில் 2.4-இல் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் சேர்ந்து கத்துகின்றன. ஸ்விட்ச் பெட்டி வந்து ஒயரில் ஓட ஆரம்பித்தால் இந்தத் தொல்லையும் இருக்காது.

காலடிப்பேட்டைக்காரன்
ஆமாம், டிஸ்க் ஒட்டியே இருந்தது. தள்ளி வைத்தேன், அரைமணி நேரமாகத் திக்கவில்லை. அண்ணன்கள் எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: மினியில் தமிழ் தட்டத் தமிழ்99 விசை அமைப்பு வைத்திருக்கிறேன், கீபோர்டை மாற்றினால் அதுவும் கூட வருமா?

பழைய வண்ணை
வராது தம்பி. கீபோர்டு எந்த விசை என்று மட்டும்தான் சொல்லும், அது தமிழ் அ-வா ஆங்கில ஏ-யா என்பதைக் கணினிதான் முடிவு செய்கிறது. மேக்புக்கிலும் கீபோர்டு அமைப்பில் தமிழ்99-ஐ ஒருமுறை சேர்த்துவிடுங்கள், அது மேக்கிலேயே இருப்பது, எதையும் இறக்க வேண்டாம்.